சிலுவையடியில் நின்ற தாய் அழுதாரா?

கி.பி. 392-இல் ரோமப் பேரரசர் இரண்டாம் வாலண்டினியன் இளம் வயதிலேயே இறந்துபோனார். அவருக்கான இரங்கலுரையை நிகழ்த்தியவர் மிலான் நகரத்து ஆயர் அம்புரோஸ். துக்கத்தில் இருந்த சகோதரிகளைத் தேற்ற வேண்டிய அந்த உரையில் அவர் இயேசுவின் தாய் மரியாவை இழுத்துக்கொண்டு வருகிறார். சிலுவையருகே அவர் நின்றார் என்று படிக்கிறேன், அழுதார் என்று எங்கும் படிக்கவில்லை என்கிறார். அதாவது, விசுவாசமுள்ளவர்கள் நிமிர்ந்து நிற்பார்கள், நீங்களும் அப்படி நில்லுங்கள் என்று பொருள்.

எழுத்தில் உள்ளதை மட்டும் வைத்துப் பார்த்தால் அம்புரோஸ் சொன்னது சரிதான். நான்கு சுவிசேஷங்களில் மத்தேயுவும் மாற்குவும் லூக்காவும் சிலுவைக் காட்சியில் சில பெண்கள் தூரத்தில் நின்று பார்த்ததாகச் சொல்கின்றன. அங்கே இயேசுவின் தாய் இருந்ததாக அவை சொல்லவில்லை. யோவான் மட்டும்தான் அவரைச் சிலுவையின் பக்கத்திலேயே நிறுத்துகிறார். நிறுத்துகிறாரே தவிர, முகம் எப்படி இருந்தது, என்ன பேசினார், விழுந்து புரண்டாரா என்று ஒன்றும் சொல்வதில்லை. ‘நின்றார்’ என்ற அந்த ஒரு வினைச்சொல்லைச் சுற்றித்தான் அடுத்த ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் கிறிஸ்தவம் பாட்டு எழுதியது, சிலை வடித்தது, சண்டையும் போட்டது. சண்டையின் அடியில் இருந்த கேள்வி மரியாவைப் பற்றியது மட்டும் இல்லை. உயிர்த்தெழுதலை நம்புகிற ஒரு தாய், பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு அழலாமா? அழுதால் அது நம்பிக்கைக் குறைவா?

சுவிசேஷங்கள் மரியாவின் துயரத்தைச் சிலுவையில் தொடங்கவில்லை. குழந்தை பிறந்து நாற்பது நாளில் எருசலேம் ஆலயத்துக்கு எடுத்துப் போகிறார்கள். ஆட்டுக்குட்டி கொடுக்க வசதியில்லாதவர்களுக்குச் சட்டம் அனுமதித்த இரண்டு பறவைகளைக் காணிக்கையாகக் கொடுக்கிறார்கள். அங்கே சிமியோன் என்ற முதியவர் குழந்தையைக் கையில் வாங்கிக் கடவுளைப் புகழ்ந்துவிட்டு, தாயிடம் திரும்பி, “உன் ஆத்துமாவையும் ஒரு பட்டயம் உருவிப்போகும்” என்கிறார். கைக்குழந்தையோடு நிற்கும் ஒரு பெண்ணிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது! லூக்கா அதற்கு அவருடைய பதிலைப் பதிவுசெய்யவில்லை.

பன்னிரண்டு வயதில் பிள்ளை காணாமல் போகிறான். பெற்றோர் மூன்று நாள் கழித்துத்தான் அவனை ஆலயத்தில் கண்டுபிடிக்கிறார்கள். “மகனே! ஏன் எங்களுக்கு இப்படிச் செய்தாய்?” என்று மரியா கேட்பதுதான் சுவிசேஷங்களில் அவருடைய தாய்மனம் நேரடியாக வாய்திறக்கும் இடம். என் பிதாவுக்கு அடுத்தவைகளில் நான் இருக்கவேண்டியதென்று தெரியாதா என்று மகன் திருப்பிக் கேட்கிறான். அவன் சொன்னது அவர்களுக்கு விளங்கவில்லை என்று லூக்கா மறைக்காமல் எழுதுகிறார்.

பிரசங்கங்களில் அவ்வளவாக எடுக்கப்படாத பகுதி மாற்கு மூன்றாம் அதிகாரம். இயேசுவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று எண்ணி வீட்டார் அவரைப் பிடித்துக்கொண்டு போக வருகிறார்கள். கொஞ்சம் கழித்து அவருடைய தாயும் சகோதரரும் வெளியே நின்று ஆள் அனுப்புகிறார்கள். “என் தாய் யார்?” என்று உள்ளேயிருந்து கேள்வி வருகிறது. கடவுளின் சித்தப்படி செய்கிறவர்களே எனக்குத் தாயும் சகோதரரும் என்கிறார். இறையியல்படி இதற்கு நல்ல விளக்கங்கள் உண்டு. ஆனாலும் அந்த வாசலுக்கு வெளியே நின்ற தாய்க்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை எந்த விளக்கமும் தொடுவதில்லை. சாவினால் மட்டும்தான் பிள்ளையை இழக்க வேண்டும் என்றில்லை. தன் கைக்கு எட்டாத ஒரு வேலைக்குள் போய்விட்ட மகனைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் இழப்புதான்.

அதற்குப் பிறகு சிலுவை. “ஸ்திரீயே, அதோ, உன் மகன்” என்று ஒரு சீடரைக் காட்டுகிறார் இயேசு. உயிர்த்தெழுந்த பிறகு மகதலேனா மரியாளுக்கும் பேதுருவுக்கும் தோன்றுகிறார், பவுலின் கணக்குப்படி ஐந்நூறு பேருக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே நேரத்தில் தோன்றுகிறார். தாய்க்குத் தோன்றியதாக ஒரு வரி இல்லை. இந்த இடைவெளியைப் பொறுக்க முடியாதவர்களில் ஒருவர், பதினாறாம் நூற்றாண்டில் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் லொயோலா. முதலில் தாய்க்குத்தான் தோன்றினார் என்று தன் ஆன்மிகப் பயிற்சிகளில் எழுதிவிட்டு, வேதத்தில் அப்படி இல்லையே என்று கேட்பவர்களுக்கு, நமக்குப் புத்தி இருக்கிறது என்று வேதம் எடுத்துக்கொள்கிறது என்ற பாணியில் பதிலும் சொல்லிவிடுகிறார். எனக்கு மிகவும் பிடித்த விளக்கவுரை அது.

மரியாவுக்கு வார்த்தை கொடுக்காத அதே வேதாகமம், மற்றத் தாய்மார் விஷயத்தில் அவ்வளவு சிக்கனமாக இல்லை. பாலைவனத்தில் தண்ணீர் தீர்ந்தபோது ஆகார் பிள்ளையை ஒரு செடியின் கீழே விட்டுவிட்டு, பிள்ளை சாகிறதைப் பார்க்க மாட்டேன் என்று அம்பு பாயும் தூரத்தில் போய் உட்கார்ந்து சத்தமிட்டு அழுகிறாள். கேட்டுப் பெற்ற மகனை ஆலயத்துக்கே கொடுத்துவிட்ட அன்னாள், வருஷா வருஷம் அவனுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோகிறாள். ஆனால் இவர்கள் எல்லாரையும் விட ரிஸ்பாளைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். அவளைப் பற்றி ரொம்பக் குறைவாகவே பேசப்படுகிறது.

ரிஸ்பாள் சவுல் அரசனின் மறுமனையாட்டி. கதை இரண்டு சாமுவேல் 21-இல் இருக்கிறது. மூன்று வருடப் பஞ்சம். சவுல் கிபியோனியர் என்ற குடியினருக்குச் செய்த கொடுமைதான் காரணம் என்று தெரிகிறது. ஈடாக அவர்கள் சவுலின் வம்சத்தில் ஏழு ஆண்களைக் கேட்கிறார்கள். சவுலுக்குப் பின் அரசரான தாவீது கொடுக்கிறார். அதில் இரண்டு பேர் ரிஸ்பாள் பெற்ற பிள்ளைகள். வாற்கோதுமை அறுப்பின் தொடக்கத்தில் ஏழு பேரையும் மலைமேல் தூக்கிலிட்டு, புதைக்காமல் விட்டுவிடுகிறார்கள். ரிஸ்பாள் ஒரு சாக்குத்துணியைப் பாறையின் மேல் விரித்து உட்காருகிறாள். பகலில் பறவைகளையும் இரவில் காட்டு மிருகங்களையும் பிணங்களின் மேல் அண்ட விடாமல் விரட்டுகிறாள். அறுப்புக்காலம் தொடங்கி வானத்திலிருந்து மழை விழும் வரைக்கும் அங்கேயே இருக்கிறாள்.

அவள் ஜெபம் செய்ததாகவும் இல்லை, அரசனிடம் மனுப் போட்டதாகவும் இல்லை. ஆனால் செய்தி தாவீதுக்குப் போகிறது. அவர் எழுந்து போய் சவுலின் எலும்புகளையும் அவர் மகன் யோனத்தானின் எலும்புகளையும் எடுத்துவருகிறார். தூக்கிலிடப்பட்டவர்களின் எலும்புகளும் சேர்க்கப்படுகின்றன, அடக்கம் நடக்கிறது. அதன் பிறகுதான் கடவுள் தேசத்துக்காகச் செய்யப்பட்ட வேண்டுதலைக் கேட்டார் என்று அந்த அதிகாரம் சொல்கிறது. ஏழு பேரைக் கொன்றதோடு கணக்கு முடியவில்லை. பேசாமல் உட்கார்ந்திருந்த ஒரு தாய் அரசனை அசைத்த பிறகுதான் முடிகிறது.

புதிய ஏற்பாடும் இந்தப் பிடிவாதத்தைக் கையில் எடுக்கிறது. பெத்லகேமில் குழந்தைகளை ஏரோது கொன்ற இடத்தில் மத்தேயு எரேமியாவின் பழைய வரியை நினைவூட்டுகிறார். ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது, அவர்கள் இல்லாதபடியால் “ஆறுதலடையாதிருக்கிறாள்”. எரேமியாவில் அடுத்த வசனமே அழுகையை நிறுத்து, பிள்ளைகள் திரும்பி வருவார்கள் என்று தேற்றுகிறது. மத்தேயு அந்த வசனம் வரை போகவில்லை. ஆறுதலை மறுக்கும் தாயோடு மேற்கோளை வெட்டிவிடுகிறார். நாயீன் ஊரில் ஒரே மகனைப் பறிகொடுத்த விதவையிடம் இயேசு “அழாதே” என்று சொல்வது உண்மை. ஆனால் அதைச் சொன்னவர் அந்த மகனை எழுப்பி அவள் கையில் ஒப்படைத்தார். அதைச் செய்ய முடியாத நாம் அந்த வார்த்தையைக் கடன் வாங்கித் துக்க வீட்டில் சொல்வது வேறு விஷயம்.

அம்புரோஸின் நிமிர்ந்த தாய்க்கு வேறொரு முன்னோடி உண்டு. மக்கபேயர் இரண்டாம் நூலில் ஒரே நாளில் ஏழு மகன்கள் சித்திரவதையில் சாவதைப் பார்த்து, அவர்களுக்குத் தைரியம் சொல்லி அனுப்பும் தாய். துன்புறுத்தப்பட்ட ஆதித் திருச்சபைக்கு அவள் தேவைப்பட்டாள். ஆனால் நிஜத் தாய் ஒருத்தி எழுதியது நம் கையில் இருக்கிறது, அது அப்படி இல்லை. 203-இல் கார்த்தேஜில் கொல்லப்பட்ட பெர்பெத்துவா, ஏறக்குறைய இருபத்திரண்டு வயதுக்காரி, சிறையில் வைத்துத் தன் கைப்பட எழுதிய குறிப்புகள் அவை. கைக்குழந்தை பசியில் வாடுவதைப் பற்றியே அவளுக்குக் கவலை. குழந்தையைச் சிறைக்குள் கொடுத்தபோது அந்த இருட்டறை மாளிகையாகிவிட்டது என்கிறாள். பிறகு அவளுடைய தகப்பன் குழந்தையைத் தர மறுத்துவிடுகிறார். அதற்கப்புறம் பிள்ளை பால் கேட்கவில்லை, தனக்கும் மார்பு கட்டி வலிக்கவில்லை, கடவுள் அப்படிப் பார்த்துக்கொண்டார் என்று எழுதுகிறாள். சாகத் துணிந்தவளின் பதிவில் பால் கட்டும் வலியைப் பற்றிய பயம் இருக்கிறது. வீரத் தாயைப் பற்றி வெளியில் இருந்து எழுதுபவர்களுக்கு இது தோன்றியிருக்காது.

அம்புரோஸிடம் ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் மூலமாகவே இந்தக் கேள்வி அடுத்த கட்டத்துக்குப் போகிறது. 387-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவில் மிலானில் அவர் கையால் ஞானஸ்நானம் பெற்றவர் அகுஸ்தீன். அவருடைய தாய் மோனிக்கா, மகன் வழி தவறிவிட்டான் என்று பல ஆண்டுகள் அழுதவர். மகனிடம் பேசிப் பாருங்கள் என்று ஓர் ஆயரை விடாமல் நச்சரித்திருக்கிறார். இத்தனை கண்ணீருக்குப் பிறந்த பிள்ளை அழிந்துபோக முடியாது, போம்மா என்று அவர் சலித்துக்கொண்டு அனுப்பியதாக அகுஸ்தீனே எழுதுகிறார். மகனும் லேசுப்பட்டவர் இல்லை. ரோமுக்குக் கப்பல் ஏறும் இரவில், நண்பனை வழியனுப்பப் போகிறேன் என்று பொய் சொல்லி, தாயை ஒரு புனிதரின் நினைவிடத்தில் தங்கவைத்துவிட்டுப் புறப்பட்டுவிட்டார். விடிந்ததும் கடற்கரையில் தாய் கதறினார்.

மகன் ஞானஸ்நானம் பெற்ற அதே வருடம், ஊர் திரும்பும் வழியில், ஓஸ்தியா துறைமுகத்தில் ஐம்பத்தாறாம் வயதில் மோனிக்கா இறந்தார். அகுஸ்தீன் அவர் கண்களை மூடினார். பேரன் ஓவென்று அழுதபோது எல்லாரும் சேர்ந்து அவனை அடக்கினார்கள். நம்பிக்கையில் இறந்தவருக்கு அழுவது முறையில்லை என்பது அவர்கள் எண்ணம். அகுஸ்தீனும் அடக்கத்தின்போது ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. குளித்தால் பாரம் குறையும் என்று கேள்விப்பட்டுக் குளித்துப் பார்த்தார், குறையவில்லை. தூங்கி எழுந்து, படுக்கையில் தனியாகக் கிடந்தபோது ஒரு மாலைப் பாட்டு நினைவுக்கு வந்தது. அதன் பிறகுதான் கண்ணீர் கட்டவிழ்ந்தது. அந்தப் பாட்டை எழுதியவர் வேறு யாருமில்லை, அம்புரோஸ்தான். ஒரு மணி நேரத்தில் ஒரு சிறு பகுதி என் தாய்க்காக அழுதேன், அதைப் பாவம் என்று நினைப்பவன் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், எனக்காக அழட்டும் என்று வாசகரிடம் கேட்டுக்கொள்கிறார். வெட்கத்தோடு சொன்னாலும் சொல்லிவிட்டார். மேற்கத்தியக் கிறிஸ்தவத்தில் துக்கத்துக்குக் கிடைத்த பெரிய அனுமதிச் சீட்டு இது என்பேன்.

கிழக்கத்தியத் திருச்சபைகள் இந்த அளவுக்குத் தயங்கவில்லை. ஆறாம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டினோபிளில் ரொமானோஸ் என்ற பாவலர் எழுதிய பாடலில் மரியா வாயடைத்து நிற்கவில்லை. சிலுவை சுமந்து போகும் மகனைப் பின்தொடர்ந்து, எங்கே இவ்வளவு வேகமாகப் போகிறாய், கானாவில் இன்னொரு கல்யாணமா, அங்கே தண்ணீரைத் திராட்சை ரசமாக்கப் போகிறாயா என்று கேட்கிறார். பெரிய சனிக்கிழமைச் சடங்கின் புலம்பலில் கிரேக்கத் திருச்சபை இன்றும் அவர் வாயிலாக “என் இனிய வசந்தமே” என்று இறந்த மகனை அழைக்கிறது. ஒப்பாரி கேட்டு வளர்ந்த காதுக்கு இதில் விளக்கம் சொல்ல ஒன்றுமில்லை.

மேற்கில் 1233-இல் ஃபிளாரன்ஸைச் சேர்ந்த ஏழு பேர் தொடங்கிய மரியின் ஊழியர் சபை, தாயின் துயரத்தைத் தன் ஆன்மிகத்தின் மையமாகவே ஆக்கிக்கொண்டது. சிமியோனின் சொல், எகிப்துக்கு ஓடியது, பிள்ளை காணாமல் போனது, சிலுவைப் பாதையில் சந்திப்பு, சிலுவைச் சாவு, உடலை இறக்கி மடியில் வாங்கியது, அடக்கம் என்று ஏழு வியாகுலங்கள், அதாவது துயரங்கள், வரிசையாயின. இவற்றில் வழியில் சந்தித்ததும் மடியில் கிடத்தியதும் சுவிசேஷங்களில் இல்லை. மக்களின் மனம் அவற்றை நிரப்பிக்கொண்டது. சிலுவையடியில் நின்ற தாயைப் பாடும் ‘ஸ்தாபாத் மாத்தெர்’ என்ற லத்தீன் பாட்டு பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அம்புரோஸ் கண்ட அதே நிற்கும் தாய்தான், ஆனால் முதல் வரிகளிலேயே அவர் கண்ணீரோடு நிற்கிறார். கேட்பவர்களையும் கூட அழ வைக்கும்படி வேண்டுகிறது பாட்டு. பதினாறாம் நூற்றாண்டில் கூடிய ட்ரெண்ட் பொதுச்சங்கத்துக்குப் பிறகு அது வழிபாட்டிலிருந்து நீக்கப்பட்டு, 1727-இல் திரும்ப வந்தது. வியாகுல மாதா திருநாளை 1814-இல் திருத்தந்தை ஏழாம் பயஸ் லத்தீன் திருச்சபை முழுவதற்கும் விரித்தார். 1913-இல் அது செப்டம்பர் 15 என்று நிலையானது. தமிழில் வீரமாமுனிவர் இதே துயரத்துக்கு ‘அன்னை அழுங்கல் அந்தாதி’ பாடினார்.

இந்தக் கண்ணீர் ஒரு கட்டத்தில் மயக்கமாகவும் மாறியது. ரோஜியர் வான் டெர் வைடன் பதினைந்தாம் நூற்றாண்டில் வரைந்த சிலுவையிறக்கப் படத்தில் மரியா சரிந்து விழுகிறார். இறக்கப்படும் மகனின் உடல் எந்த வளைவில் தொங்குகிறதோ அதே வளைவில் தாயின் உடலும். மரியாவின் மயக்கத்துக்கே தனித் திருநாள் வேண்டும் என்று சிலர் கேட்டபோது, 1506-இல் இறையியலாளர் கயெத்தான் அதை எதிர்த்து எழுதினார். சுவிசேஷம் நின்றார் என்கிறது, மயங்கியவரால் நிற்க முடியாது, அறிவு கலங்காமல் துயரத்தை ஏற்பதே மேலானது என்பது அவர் வாதம். பதினோரு நூற்றாண்டு கழித்தும் அம்புரோஸின் வாதம் அப்படியே திரும்பி வருகிறது, பாருங்கள்.

சிற்பத்தில் இந்தச் சண்டையின் இரு பக்கங்களும் பார்க்கக் கிடைக்கின்றன. உலகத்துக்கே தெரிந்தது மைக்கேல் ஆஞ்சலோ 1499 வாக்கில் முடித்த வத்திக்கான் பியேத்தா, அதாவது இறந்த மகனை மடியில் கிடத்திய தாயின் சிலை. மகனை விட இளையவராகத் தெரியும் தாய், கலங்காத முகம், விரிந்த இடதுகை. அழகு, சந்தேகமில்லை. ஆனால் அதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மன் பகுதிகளில் தொடங்கிய மரச்சிலைகளைப் பார்த்தால் வேறு உலகம். பான் நகரில் இருக்கும் ரோட்கென் பியேத்தா ஒரு மீட்டர் உயரம்கூடக் கிடையாது. விலா எலும்புகள் துருத்திய உடல், பின்னால் முறிந்து தொங்கும் தலை, காயங்களில் கொத்துக் கொத்தாக உறைந்த ரத்தம். தாயின் முகத்தில் பக்தி தேடினால் கிடைக்காது. என்ன நடந்தது என்று புரியாத, கொஞ்சம் கோபமும் கலந்த முகம் அது. ஏழைத் தாய்மார் மண்டியிட்டது இந்த மாதிரிச் சிலைகளின் முன்னால்தான் என்றால் எனக்கு ஆச்சரியமில்லை. முதல் உலகப்போரில் மகனை இழந்த ஜெர்மன் கலைஞர் கேத்தே கோல்விட்ஸ் 1930-களில் செய்த தாயும் இந்த வரிசைதான். அதன் பெரிய வடிவம் 1993 முதல் பெர்லினில் போருக்கும் கொடுங்கோன்மைக்கும் பலியானவர்களின் நினைவிடத்தில் இருக்கிறது.

சீர்திருத்த சபைகள் மரியாவை வேண்டுவதை நிறுத்தின. அதற்காகத் தாய்த்துயரம் அவர்கள் வீட்டு வாசலில் நின்றுவிடவில்லை. 1542-இல் மார்ட்டின் லூத்தரின் மகள் மக்தலேனா பதின்மூன்று வயதில் இறந்தாள். நானும் மனைவியும் அவள் நல்லபடியாகப் போனதற்கு நன்றி சொல்ல வேண்டியவர்கள், ஆனால் விம்மாமல் இருக்க முடியவில்லை என்று நண்பர் ஒருவருக்கு எழுதினார். அவளுடைய முகமும் பேச்சும் அசைவும் நெஞ்சில் ஆழப் பதிந்திருக்கின்றன, கிறிஸ்துவின் மரணத்தால்கூட அதை முழுசாக எடுத்துவிட முடியவில்லை என்கிறார். சீர்திருத்தத்தையே தொடங்கிவைத்தவர் எழுதுகிற வரியா இது என்று தோன்றும்.

கடவுளையே தாயாகப் பேசும் ஒரு பழைய இழையும் இதோடு சேர்கிறது. “ஸ்திரீயானவள் தன் பாலகனை மறப்பாளோ” என்று ஏசாயா கேட்கும்போது, கடவுளின் அன்புக்கு அளவுகோலாக மேலே எடுக்கப்படுவது தாயன்புதான். குஞ்சுகளைச் செட்டைக்குள் சேர்க்கும் கோழியாகத் தன்னைச் சொன்னார் இயேசு. 1373-இல் காட்சிகள் கண்ட ஆங்கிலேயப் பெண் துறவி நார்விச் ஜூலியன், கடவுள் நமக்குத் தந்தை என்பது எவ்வளவு மெய்யோ, தாய் என்பதும் அவ்வளவு மெய் என்று எழுதினார். கடவுள் அப்படி நேசிக்கிறவர் என்றால், தாயின் துக்கத்தைக் குறை என்று சொல்ல இடம் எங்கே?

ஆனால் திருச்சபை தானே தாய்மாருக்குக் கொடுத்த ஒரு துக்கம் உண்டு. ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் சிசு கடவுளைக் காண முடியாது, மிக மென்மையானதாக இருந்தாலும் தண்டனைதான் என்று வாதிட்டவர், தாயின் கண்ணீரால் பிழைத்த அதே அகுஸ்தீன். பின்னால் வந்த இறையியலாளர்கள் வேதனையை நீக்கி, லிம்போ என்று ஓர் இடத்தைச் சொன்னார்கள். அங்கே துன்பம் இல்லை, கடவுளும் இல்லை. இறந்து பிறந்த பிள்ளைக்குத் திருநிலத்தில் புதைகுழியும் கிடையாது. பிரசவித்த பெண்ணுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்பதற்குச் சாட்சி சுவிட்சர்லாந்தின் ஓபர்பியூரன். பதினைந்தாம் நூற்றாண்டில் இறந்த சிசுக்களை அங்கிருந்த மாதா கோவிலுக்கு எடுத்துவருவார்கள். கனல்களுக்கும் மெழுகுவர்த்திகளுக்கும் நடுவே உடலைச் சூடாக்கி, உதட்டில் ஒரு மெல்லிய இறகை வைப்பார்கள். இறகு அசைந்தால் மூச்சு வந்தது என்று கொண்டு உடனே ஞானஸ்நானம், பிறகு அடக்கம். கான்ஸ்டன்ஸ் ஆயர் இதை மூடநம்பிக்கை என்று ரோமுக்கு எழுதினார். 1528-இல் அந்தப் பகுதிக்குச் சீர்திருத்தம் வந்ததோடு அது முடிந்தது. 1990-களில் அங்கே தோண்டியபோது சுமார் 250 சிசுக்களின் எலும்புகள் கிடைத்தன. ஆயர் சொன்னது தவறில்லை. ஆனால் அந்த இறகுக்காகக் காத்திருந்தவர்களுக்கு அவரிடம் வேறு பதில் இருந்ததா?

பதில் வர நாளானது. 1969-இல் வெளிவந்த கத்தோலிக்க அடக்கச் சடங்கு நூல், பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்து அதற்குள் இறந்துவிட்ட குழந்தைக்குத் திருச்சபை முறைப்படி அடக்கம் செய்ய வழி திறந்தது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1183-ஆம் பிரிவு, உள்ளூர் ஆயரின் அனுமதியோடு என்று அதை உறுதிசெய்தது. 2007-இல் வத்திக்கானின் அனைத்துலக இறையியல் ஆணையம், இந்தக் குழந்தைகள் மீட்கப்படுவார்கள் என்று நம்பப் பலமான அடிப்படை இருக்கிறது என்று அறிக்கை வெளியிட்டது. அந்தக் குழந்தைகளுக்கான திருப்பலியின் தொடக்க மன்றாட்டைப் படித்துப் பார்த்தால், வேண்டுதல் பெற்றோருக்காக இருக்கிறது. தங்களிடமிருந்து எடுக்கப்பட்ட பிள்ளைக்கான ஏக்கத்தில் அழுந்தியிருப்பவர்கள் கடவுளின் இரக்கத்தை நம்பி எழ வேண்டும் என்று அது கேட்கிறது. ஏக்கத்தை விட்டுவிடுங்கள் என்று அதில் எங்கும் இல்லை.